எத்தனை மணித்தியாலத்துல போவும், மிஸ்?

விமான டிக்கெட் போடுகிறவளுக்கு உலகத்தில் உள்ள ஊர்கள் எல்லாம் மூன்று மூன்று எழுத்துகள்தான்; அவற்றைத் தட்டினால் தூரமும் நேரமும் திரையில் வந்து நிற்கும், ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு அதைச் சொல்லி முடிப்பதற்குள் நமக்கு நெஞ்சு ஒரு தரம் நின்று ஓடும்.

ஹட்டன் பிரதான வீதியில் ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். பதினோரு வருஷமாக லிந்துலையிலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்கி, அந்தப் படியேறிக்கொண்டிருக்கிறேன். முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர். கொழும்பில் ஒரு விமானக் கம்பனியில் காலம் முழுக்க வேலை பார்த்துவிட்டு, மனைவியின் ஊர் என்பதால் இங்கே வந்து இந்த அலுவலகத்தைத் திறந்தவர். நான் அவரைச் சேர் என்பேன், அவர் என்னைப் பிள்ளை என்பார். மொத்த அலுவலகமும் நாங்கள் இருவர்தான். எத்தனையோ பேரை ஏற்றி அனுப்பிய நான் இன்றுவரை விமானத்தில் ஏறியதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

வங்கியிலோ, தபாற்கந்தோரிலோ, மருந்துக்கடையிலோ கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரே கேள்விக்கு ஒரு நாளைக்கு முப்பது தரம் பதில் சொல்கிறவர்கள் இதைப் படித்தால், உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. பதில் நமக்குப் பழகிவிடுகிறது. அதைக் கேட்கிறவர் வாங்கிக்கொள்கிற விதம் பழகுவதே இல்லை. கீழே வருகிற ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். அவர்கள் சொன்னதை மாற்றவில்லை.

ஏத்தம்

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். சேர் வெளியே போயிருந்தார். றொசல்லப் பக்கம் தண்டவாளம் பார்க்கிற வேலையில் இருந்த முத்தையா என்பவர், குவைத்துக்குப் போகிற மனைவியின் டிக்கெட்டை எடுத்துப் போக வந்திருந்தார். தாளைக் கையில் கொடுத்தேன். அவர் உடனே எழுந்து போகவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். போகும்போது காலை ஏழு பத்துக்கு ஏறி பத்து இருபதுக்கு இறக்கம். திரும்பும்போது பதினொன்றரைக்கு ஏறி இரவு ஏழு இருபதுக்கு இறக்கம். போக மூன்று மணித்தியாலம், வர ஏழே முக்கால். அதே கம்பனி, அதே விமானம், அதே இரண்டு ஊர். ஏன் இப்படி என்று கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதுவரை நான் அதைக் கவனித்திருக்கவே இல்லை. நான்தான் ஏதோ பிழையாக அடித்துவிட்டேன் என்று நினைத்து, தாளைத் திருப்பி வாங்கித் திரையோடு ஒத்துப் பார்த்தேன். திரையிலும் அப்படியே இருந்தது. அங்கே கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணித்தியாலம் பின்னால் ஓடுகிறது, இரண்டு பயணமும் ஏறக்குறைய ஐந்தரை மணித்தியாலம்தான் என்பதெல்லாம் சேர் வந்து சொல்லித்தான் எனக்கே தெரியும். அதற்குள் முத்தையா தன்னுடைய முப்பது வருஷத் தண்டவாள அனுபவத்தை வைத்து விஷயத்தைத் தானே தீர்த்துவிட்டிருந்தார். நாவலப்பிட்டியிலிருந்து மலையேறி வருகிற ரயில்கோச்சி எப்படி மூச்சு வாங்கும் என்று அவருக்குத் தெரியாதா. தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னார்: "பயப்படாதீங்க மிஸ், பிழை ஒண்ணும் இல்ல. வர்றப்ப ஏத்தமா இருக்கும்."

நில்லுங்க

இது என்னுடைய பிழை. சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்ல வேண்டும்.

செல்வராணி தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவள். இரண்டு பிள்ளைகளைத் தாயிடம் விட்டுவிட்டு ஜோர்தானுக்குப் போனாள். நேரடி விமானம் இல்லை. நடுவில் ஒரு வளைகுடா விமான நிலையத்தில் இறங்கி, ஒன்பது மணித்தியாலம் காத்திருந்து, அடுத்ததில் ஏற வேண்டும். முதல் பயணம். அங்கே போய் வழி தெரியாமல் எங்கேயாவது அலைந்து அடுத்த விமானத்தை விட்டுவிடுவாளோ என்று எனக்குப் பயம். அதனால் அவளை உட்காரவைத்து மூன்று தரம் சொன்னேன். இறங்கியதும் பெரிய போர்ட் ஒன்று இருக்கும், அதில் உங்கள் விமானத்தின் இந்த இலக்கம் வருகிறவரைக்கும் அதற்குக் கீழேயே நில்லுங்க, வேறு எங்கேயும் போய்விடாதீங்க என்று. மூன்று தரமும் அவள் தலையை ஆட்டினாள். போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று செய்தி வந்ததும் எனக்கு என்னைப் பற்றிப் பெருமையாகக்கூட இருந்தது.

இரண்டு வாரம் கழித்து அவளே எனக்கு அழைப்பு எடுத்தாள், நன்றி சொல்ல. வீட்டுக்கார அம்மா நல்லவர் என்றாள். வந்த அன்றைக்கு இவளுடைய கால் இரண்டும் செருப்புக்குள் போகாத அளவுக்கு வீங்கியிருந்ததைப் பார்த்து, நான்கு நாள் வேலை செய்யவிடாமல் படுக்கவைத்தாராம். கால் ஏன் வீங்கியது என்று கேட்டேன். நின்றதால்தான் என்றாள். ஒன்பது மணித்தியாலமும், பையைக் கீழே வைக்காமல், அந்தப் போர்டுக்குக் கீழே நின்றிருக்கிறாள். சுற்றிவர நூற்றுக்கணக்கான கதிரைகள். தண்ணீர் குடிக்கவும் போகவில்லை. கொழுந்து நிறுக்கிற இடத்தில் பேர் கூப்பிடுகிறவரைக்கும் கூடையோடு வரிசையில் நின்றே பழகியவள் அவள் என்பது அந்த நேரத்தில் என் மண்டையில் ஏறவில்லை. அன்றிலிருந்து இடையில் இறங்கி மாறுகிற யாருக்கு டிக்கெட் கொடுத்தாலும், அச்சடித்த தாளின் மேல் பேனையால் பெரிதாக 'உட்காரலாம், சாப்பிடலாம்' என்று எழுதிக் கொடுக்கிறேன். சேர் முதலில் சிரித்தார், காரணத்தைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டார். ஏன் உட்காரவில்லை என்று நான் ஃபோனில் கத்தியதற்கு அவள் சொன்ன பதில் இதுதான்: "நீங்கதானே மிஸ், நில்லுங்கன்னு சொன்னீங்க."

நடுவில் எங்கே

இது சின்னது. மஸ்கெலியாவிலிருந்து வந்த ஒரு மாமா, மகனை டுபாய்க்கு அனுப்புகிறார். மகன் பேசவே இல்லை, எல்லாக் கேள்வியும் தகப்பன்தான். எவ்வளவு தூரம் என்று கேட்டார், மூவாயிரத்து முந்நூறு கிலோமீற்றர் அளவில் வரும் என்றேன். கொழும்புக்குப் போய்வருகிறதைப் போலப் பத்துப் பன்னிரண்டு தரம் என்று அவராகவே ஒரு கணக்குப் போட்டு வாயைப் பிளந்தார். நேரம் ஏறக்குறைய ஐந்து மணித்தியாலம் என்றேன், அதற்கு இன்னும் கொஞ்சம் பிளந்தார். நடுவில் எங்கே நிறுத்துவார்கள் என்றார். கொழும்பு பஸ் கித்துள்கலையில் தேத்தண்ணிக்கு நிற்கிற மாதிரி எதையோ நினைத்திருக்கிறார். எங்கேயும் நிறுத்த மாட்டார்கள், ஒரே ஓட்டம் என்றேன். அந்த மனிதருடைய முகம் உண்மையிலேயே வெளுத்துவிட்டது. மகனை ஒரு தரம் பார்த்தார், கூரையை ஒரு தரம் பார்த்தார். பிறகு மேசையில் கையை ஊன்றிக் குனிந்து, மகனுக்குக் கேட்காத மாதிரி என்னிடம் கேட்டார்: "அப்ப டிரைவரு தூங்கிட்டா?"

பத்தொன்பது நாள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன்.

ஒரு புதன்கிழமை முற்பகல். மழை இல்லாத நாள், அதனால் நல்ல கூட்டம். பாக்கியம் என்ற அம்மா, லிந்துலையில் எங்கள் பக்கத்துத் தோட்டம், முறை வருகிறவரைக்கும் சுவரோரம் இருந்துவிட்டு வந்து உட்கார்ந்தார். கையில் ஒரு பழைய டிக்கெட் தாள், மடிப்புகள் கிழிந்து டேப் ஒட்டியிருந்தது. எங்கள் அலுவலக முத்திரையும் என் கையெழுத்தும் அதில் இருந்தன. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் அவருடைய மகளுக்கு நான் போட்டுக்கொடுத்தது. ஓர் அரபு நாட்டின் பேர். அங்கேயிருந்து இங்கே எவ்வளவு தூரம் என்று கேட்டார். சொன்னேன். விமானம் எத்தனை மணித்தியாலத்தில் வரும் என்றார். ஐந்து மணித்தியாலம், கொஞ்சம் கூடக் குறைய இருக்கும் என்றேன். அதைத் திருப்பி என்னிடமே கேட்டார், நான் திருப்பிச் சொன்னேன். மகள் வருகிறாளா என்று கேட்டேன். வருகிறாள் என்றார். நான், ஐயோ, சிரித்துக்கொண்டே சந்தோஷம் அம்மா என்றேன்.

அவர் சேலைத் தலைப்பிலிருந்து இன்னொரு தாளை எடுத்து நீட்டினார். சிங்களத்தில் ஒரு பக்கம், ஆங்கிலத்தில் ஒரு பக்கம். தோட்டத்தில் யாரும் அதை முழுக்க வாசித்துச் சொல்லவில்லையாம், வாசித்தவர்களும் பாதியில் நிறுத்திவிட்டார்களாம். நான் இரண்டு வரி வாசித்தேன். மகள் இரண்டு வாரத்துக்கும் முன்னாலேயே நோய்வாய்ப்பட்டு இறந்துவிட்டதாகவும், உடலை அனுப்புவதற்கான பத்திரங்கள் தயாராகிக்கொண்டிருப்பதாகவும் இருந்தது. என் பின்னால் நின்ற சேர் தாளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அலுவலகத்தை அன்றைக்கு அந்த நேரத்திலேயே மூடினோம். சேர் இரண்டு நாட்டு அலுவலகங்களுக்கும் மாறி மாறி அழைப்பு எடுத்தார். ஒரு கையொப்பத்துக்காக ஒரு வாரம், இன்னொரு முத்திரைக்காக இன்னும் சில நாள் என்று அனுப்புகிற வேலை காகிதம் காகிதமாக நின்றிருக்கிறது. அந்தப் புதன்கிழமைக்கு ஏழாம் நாள் பிள்ளையைக் கொண்டுவந்தார்கள். நானும் தோட்டத்துக்குப் போயிருந்தேன். லயத்து வீட்டு வாசலில் என்னைக் கண்டதும் அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார், திட்டவில்லை.

திட்டியிருந்தால் மறந்திருப்பேனோ என்னவோ. அன்றைக்கு அலுவலகத்தில் நான் தாளை வாசித்துவிட்டுத் தலை நிமிர்ந்தபோது அவர் சொன்னது இன்னும் அப்படியே இருக்கிறது: "அஞ்சு மணித்தியாலம்னு சொல்றீங்க மிஸ். இன்னைக்குப் பத்தொன்பது நாளு."

தோடம்பழம்

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் தூரம், நேரம் என்று யாராவது வாயைத் திறந்தாலே நான் திரையைச் சேர் பக்கம் திருப்பிவிடுவேன். அந்தப் பழக்கத்தைப் போக்கியவர் கனகராசா மாஸ்டர்.

மாஸ்டர் சேருடைய ஊர்க்காரர். ஹட்டனில் பாடசாலையில் முப்பத்திரண்டு வருஷம் புவியியல் படிப்பித்து ஓய்வு பெற்றவர். கனடாவில் மகளின் பிரசவத்துக்குப் போக டிக்கெட் போட்டிருந்தார். ஒரு நாள் கையில் பாடசாலை அட்லசும் கோடு போடுகிற அடிமட்டமுமாகப் படியேறி வந்தார். முகம் சிவந்திருந்தது. பயணப் பாதையை மகள் அனுப்பியிருக்கிறாள், வளைகுடாவில் மாறி ரொறொன்ரோவுக்குப் போகிற விமானம் நேரே மேற்கே போகாமல், வடக்கே ஏறி, கிறீன்லாந்துப் பனிக்கட்டிக்கு மேலால் சுற்றி, மறுபடி கீழே இறங்குகிறதாம். பதினாலு மணித்தியாலம். அட்லசை விரித்து அடிமட்டத்தை வைத்துக் காட்டினார். நேரே ஒரு கோடு, மத்தியதரைக் கடலுக்கு மேலால், அத்திலாந்திக்குக்கு மேலால். இப்படிப் போனால் எவ்வளவு மிச்சம். புது ஆள் என்று கண்டால் ஊரைச் சுற்றிக்காட்டுகிற திரீவீல்காரனும் இவர்களும் ஒன்று என்றார்.

அவர் சொல்வது சரிபோலத்தான் எனக்கும் பட்டது. சேர் வாக்குவாதம் பண்ணவில்லை. என்னைக் கீழே புடவைக் கடைக்கு அனுப்பி ஒரு முழம் நூல் வாங்கிவரச் சொன்னார். மத்தியானச் சாப்பாட்டுப் பையிலிருந்து ஒரு தோடம்பழத்தை, ஆரஞ்சைத்தான், எடுத்து, பேனையால் அதில் இரண்டு புள்ளி வைத்து, வளைகுடா, ரொறொன்ரோ என்று காட்டி, நூலை மாஸ்டர் கையிலேயே கொடுத்தார். ஆகக் குறுகலாக இழுத்துப் பிடியுங்கோ என்றார். மாஸ்டர் முதலில் நூலைப் பழத்தின் நடுவயிற்றோடு ஒட்டிப் பிடித்தார். இறுக்க இறுக்க அது அங்கே நிற்காமல் வழுக்கி மேலே ஏறியது. மறுபடி இறக்கி வைத்தார், மறுபடி ஏறியது. மூன்றாம் தரமும் காம்புப் பக்கமாகப் போய்த்தான் நின்றது. மாஸ்டர் நூலை விட்டுவிட்டுக் கதிரையில் சாய்ந்தார். அட்லசை மூடினார். அடிமட்டத்தை அதற்குள் செருகினார். சேரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்: "உலகம் உருண்டை எண்டு முப்பத்திரண்டு வருசம் படிப்பிச்சனான், பிள்ளை. இண்டைக்குத்தான் நான் அதை நம்பிறன்."

திரும்பிப் போன விமானம்

விமானம் இப்போது எங்கே பறக்கிறது என்று கணினியில் பார்க்கலாம் என்று யாருக்கும் சொல்லாதீர்கள். இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு என் ஒரே அறிவுரை அதுதான்.

ராஜா ஹட்டனில் ஒரு பேக்கரியில் வேலை. மனைவி தவமணி ஆறு வருஷத்துக்குப் பிறகு கட்டாரிலிருந்து வருகிறாள். அவளைக் கூட்டிவர அண்ணன்மாரும் அண்ணிமாருமாக வான் வண்டியில் ஏறிக்கொண்டதில் புருஷனுக்கு இடமில்லாமல் போய்விட்டது. பத்தே முக்காலுக்கு விமானம் இறங்க வேண்டும். ஒன்பது மணிக்கே பேக்கரி உடுப்போடு, கையில் மாவோடு வந்து நின்றான். பாவமாக இருந்தது. திரையைத் திருப்பி, கடலுக்கு மேல் ஊர்ந்துகொண்டிருந்த அந்தச் சின்ன மஞ்சள் விமானத்தைக் காட்டி, இதுதான் உங்கள் மனைவி வருகிறது என்றேன். அவன் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டான். கண் சிமிட்டவில்லை. ஐந்நூறு கிலோமீற்றர், முந்நூறு, நூறு என்று நான் வாசிக்க வாசிக்க அவன் முழங்கால் ஆடியது. நீர்கொழும்புக்குக் கிட்ட வந்தது. ஒரு வட்டம் அடித்தது. இன்னொரு வட்டம். பிறகு மூக்கைத் திருப்பிக்கொண்டு விலகிப் போக ஆரம்பித்தது.

சேர் யாருக்கோ அழைப்பு எடுத்தார். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் கடும் மழை, ஓடுபாதை தெரியவில்லை, தெற்கே மத்தல விமான நிலையத்துக்குப் போய் மழை விட்டதும் திரும்புவார்கள் என்று தெரியப் பத்து நிமிஷம் ஆனது. அந்தப் பத்து நிமிஷமும் ராஜா திரையைத் தொட்டுக்கொண்டே இருந்தான். விரல் பட்ட இடமெல்லாம் மாவு. விலகிப் போகிற விமானத்தை விரலால் இழுத்துவிடலாம் என்று நினைத்தானோ என்னவோ. மூன்று மணித்தியாலம் தாமதமாகத் தவமணி பத்திரமாக வந்து சேர்ந்தாள், மறுநாள் இருவருமாக வந்து பேக்கரியிலிருந்து பணிஸ் ஒரு பை கொடுத்துவிட்டும் போனார்கள். அந்தப் பத்து நிமிஷத்துக்குள் அவன் என் பக்கம் திரும்பிக் கேட்டதை மட்டும் நான் தவமணியிடம் சொல்லவில்லை: "நேத்து போன்ல கொஞ்சம் சத்தம் போட்டேங்க. அதுக்காகவா மிஸ் திரும்பிப் போறா?"

ஒரு மணித்தியாலம்

கடைசியாக ஆறுமுகம் அண்ணன். நல்லதண்ணியில், சிவனொளிபாத மலைக்கு ஆட்கள் வருகிற காலத்தில் தொப்பியும் மப்ளரும் விற்கிற கடை போடுகிறவர். ஐம்பது தாண்டிய வயது. திருச்சிக்கு டிக்கெட் போட வந்தார். அவருக்கு ஒரே அக்கா. அவருடைய பத்தாவது வயதில் அக்காவுக்குப் பதினெட்டு, அப்போதுதான் கல்யாணம். கட்டிக்கொண்டவரின் குடும்பத்துக்கு இந்தியாப் பிரஜாவுரிமைக் காகிதம் வந்துவிட்டதால் அவர்களோடு அவளும் போய்விட்டாள். ஹட்டன் ஸ்டேஷனில் கோச்சி ஏறி, தலைமன்னார் போய், கப்பல் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, முகாமில் தங்கி, திருச்சிப் பக்கம் போய்ச் சேர எத்தனையோ நாள் ஆனது என்று அவள் எழுதிய ஒரு கடிதம். பிறகு வீடு மாறி, கடிதமும் நின்றுபோனது. போன வருஷம்தான் அக்காவின் பேரன் யார் யாரிடமோ கேட்டு ஃபோனில் இவரைக் கண்டுபிடித்திருக்கிறான்.

டிக்கெட்டை அடிக்கும்போது எல்லாரும் கேட்கிறதை அவரும் கேட்டார். ஒரு மணித்தியாலம் என்றேன். இல்லை மிஸ், மொத்தப் பயணமும் என்றார். மொத்தமும் ஒரு மணித்தியாலம்தான் அண்ணன், நானூறு கிலோமீற்றர்தானே, மூன்றரைக்கு ஏறினால் நாலரைக்கு இறங்கிவிடலாம் என்றேன். அவர் என்னை நம்பவில்லை. சேரிடம் கேட்டார். சேரும் அதையே சொன்னார். நல்லதண்ணியிலிருந்து ஹட்டனுக்கு பஸ்ஸில் வரவே ஒன்றரை மணித்தியாலம் ஆகிறதே என்றார். ஆமாம் என்றேன். எழுந்து ஜன்னல் பக்கம் போய், வெளியே பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். சந்தோஷப்படுவார் என்று நினைத்திருந்த எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. திரும்பி வந்தபோது அவருக்குக் கோபம், என்மேல் இல்லை, யார்மேல் என்று அவருக்கும் தெரியவில்லை. "நாப்பத்தி மூணு வருசம். நான் என்னமோ தூரம்னு நெனச்சுக்கிட்டு இருந்தேனே மிஸ்."

கதை அதோடு முடிந்திருக்கலாம். பயணத்தன்று அதிகாலையிலேயே நல்லதண்ணியை விட்டு வான் வண்டியில் புறப்பட்டுவிட்டார், நேரம் தாராளமாக இருந்தது. கினிகத்தேனைக்குக் கிட்ட மண் சரிந்து பாதை மூடிக்கொண்டது. முன்னால் போகவும் முடியவில்லை, பின்னால் வரிசை கட்டிவிட்டதில் திரும்பவும் முடியவில்லை. அரை மணிக்கொரு தரம் எனக்கு அழைப்பு; அக்காவிடம் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. இப்போது பாறையை எடுக்கிறார்கள், இப்போது இயந்திரம் வந்திருக்கிறது, இப்போது இன்னும் கொஞ்சம் சரிந்துவிட்டது. இரண்டு மணிக்குப் பிறகு நான் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டே இருந்தேன். மூன்றரைக்கு விமானம் போய்விட்டது. ஐந்து மணிக்குத் திருச்சி விமான நிலையத்திலிருந்து ஒரு பெண் குரல். டிக்கெட் தாளில் இருந்த எங்கள் இலக்கத்தை ஆறுமுகம் அண்ணன்தான் அக்காவுக்கு அனுப்பியிருந்தாராம். எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள், என் தம்பி மட்டும் வரவில்லை, இனி யாரும் இல்லையென்று கதவையும் சாத்திவிட்டார்கள் என்றது. பாதை மூடியிருக்கிறது அம்மா என்று நான் சொன்னேன். கினிகத்தேனையிலா என்று கேட்டது. நாற்பத்து மூன்று வருஷத்துக்குப் பிறகும் எந்த இடத்தில் சரியும் என்று அந்த அம்மாவுக்கு ஞாபகம் இருந்தது.

ஆறுமுகம் அண்ணன் ஊர் திரும்பவில்லை. பாதை திறந்ததும் நேரே கட்டுநாயக்காவுக்குப் போய், விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஒரு அறையில் தங்கிக்கொண்டார். இரண்டாம் நாள் சேர் எங்கெங்கோ பேசி அவருக்கு விமானத்தில் ஓர் இடம் எடுத்துக் கொடுத்தார். மூன்று வாரம் கழித்து அவர் படியேறி வந்தபோது நானும் சேரும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டோம். அக்காவிடம் முதலில் என்ன பேசுவது என்று விமானத்தில் யோசித்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தாராம். யோசிக்க ஆரம்பித்ததும் பெல்ட்டைப் போடச் சொல்லிவிட்டார்கள், இறங்கப் போகிறது என்று. வெளியே வந்தபோது பேரன் இவருடைய பேரை அட்டையில் எழுதிக் கொடுத்து அக்காவின் கையில் பிடிக்கவைத்திருக்கிறான். இவர் அதைக் காணாமல் இரண்டு தரம் அவளைத் தாண்டிப் போயிருக்கிறார். அவள்தான் பின்னால் வந்து சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறாள். ஃபோனில் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களே, எப்படித் தவறவிட்டீர்கள் என்று கேட்டேன். அவர் கொஞ்சம் சிரித்தார், கொஞ்சம் வேறெங்கோ பார்த்தார்: "பாத்திருக்கேன் மிஸ், முகமெல்லாம் தெரியும். ஆனா அங்க போய் நின்னா, கண்ணு பதினெட்டு வயசுப் புள்ளயத்தானே தேடுது."

இத்தனைக்கும் பிறகு, கட்டுநாயக்காவிலிருந்து உலகத்தின் எந்த மூலைக்கும் எத்தனை மணித்தியாலம் என்று நான் தூக்கத்தில்கூடச் சொல்லிவிடுவேன்; ஹட்டனிலிருந்து கட்டுநாயக்காவுக்கு எத்தனை என்று மட்டும் கேட்காதீர்கள், அதை மழைதான் சொல்ல வேண்டும்.